ஜி.எஸ்.டி. சாலையா, ரயிலா?
சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலை பற்றிய கட்டுரையில் 'தாம்பரம் வரையிலான புறநகரை உருவாக்கியது ஜி.எஸ்.டி. சாலைதான்' என்று இருப்பதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. கத்திப்பாராவிலிருந்து பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று போகும் இந்தச் சாலைக்குத் துணையாகவே தண்டவாளமும் ஓடுகிறது. கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் 1931-லேயே வந்துவிட்டது. சென்னை கிறித்தவக் கல்லூரி நகரத்தை விட்டுத் தாம்பரத்துக்கு இடம் மாறியது 1937-ல், அதுவும் தண்டவாளத்துக்குக் கிழக்கே. ஊர்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், கிழக்குத் தாம்பரம், மேற்குத் தாம்பரம் என்று பிரிப்பது ரயில் பாதையை வைத்துத்தான். நான் வீடு தேடிய நாட்களில் எல்லோரும் முதலில் சொன்னது ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிட நடை என்பதைத்தான், சாலை எவ்வளவு தூரம் என்று ஒருவரும் சொல்லவில்லை. குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததோ குரோம் தோல் தொழிற்சாலையால். சரி, தாம்பரத்துக்குத் தெற்கே நிலைமை வேறு. 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையம் முழுக்க இந்தச் சாலையை நம்பி வந்தது. அப்புறம், அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் இந்தச் சாலையை என்.எச். (தேசிய நெடுஞ்சாலை) 45 என்று எழுதியிருக்கிறார். அது பழைய எண், சென்னை - திண்டிவனம் பகுதி இப்போது என்.எச். 32.