பம்ப் பெட்டியில் உள்ள எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்

"2,000 லிட்டர் கொய் மீன் குளத்துக்கு மணிக்கு 2,000 லிட்டர் பம்ப் போதும், குழாய் எந்த அளவானாலும் சரி" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அது சரியில்லை. பெட்டியில் இருப்பது தண்ணீரை மேலே ஏற்றாதபோது கிடைக்கும் அளவு. அதிகபட்ச உயரம் 2 மீட்டர் என்றிருந்தால், அந்த உயரத்தில் ஒரு சொட்டும் வராது.

குழாய்தான் இன்னும் முக்கியம். உள்விட்டத்தைப் பாதியாக்கினால், அதே ஓட்டத்துக்கு உராய்வு இழப்பு (தண்ணீர் குழாயில் உரசி இழக்கும் அழுத்தம்) சுமார் 30 மடங்காகிவிடும். அப்புறம் எல்போக்கள் (குழாயைத் திருப்பும் வளைவு இணைப்புகள்) வேறு இழப்பைக் கூட்டும். சிங்கப்பூர் வெப்பத்தில் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். ஓட்டமும் குறைந்தால் மீன்கள் திணறும், பாவம். தயவுசெய்து உங்கள் குளத்து அருவிக்குத் தண்ணீர் ஏற வேண்டிய உயரத்தை அளந்து, கடையில் பம்பின் உயரம்-ஓட்ட வரைபடத்தைக் கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.