பார் பார்த்த பிறகே குளிப்பு

ஆழ்கடலுக்குள் ஆட்களை அனுப்ப இந்தியா உருவாக்கிவரும் மத்ஸ்யா 6000 நீர்மூழ்கியின் படம் ராமநாதபுரம் கடற்கரை ஊர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் பெருமையோடு பகிரப்படுகிறது. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுசெல்வதற்காக, 2.1 மீட்டர் விட்டமுள்ள டைட்டானியக் கோளத்தை மையமாக வைத்து அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு. ஆனால், 2021இல் 4,077 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒப்புதல் பெற்ற ஆழ்கடல் திட்டத்தைப் பற்றிப் பேசும்போது, நாம் இயந்திரத்தைக் கொண்டாடும் அளவுக்கு, அது இறங்கப்போகும் தரையில் வாழும் உயிர்களை எண்ணிப் பெயரிடும் வேலையைக் கொண்டாடுவதில்லை. அந்த வேலை முடியாமல் அங்கிருந்து எதையும் அள்ளக்கூடாது என்பதே என் கருத்து.

சர்வதேசக் கடற்படுகை ஆணையத்துடன் 2002இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் பல்உலோக முடிச்சுகளை (மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் போன்ற உலோகங்கள் திரண்ட கட்டிகளை) ஆராயும் உரிமை இந்தியாவுக்கு இருக்கிறது. 2021இல், முடிச்சுகளை அள்ளுவதற்காக உருவாக்கப்பட்டுவரும் வராகா என்ற ஊர்தி அங்கே 5,270 மீட்டர் ஆழத்தில் ஓட்டிப் பார்க்கப்பட்டது. உருளைக்கிழங்கு போலத் தரையில் கிடக்கும் அந்த முடிச்சுகள் பத்து லட்சம் ஆண்டுகளுக்குச் சில மில்லிமீட்டர் என்ற கணக்கில் வளர்பவை. சுற்றிலும் மென்சேறாக இருக்கும் அந்தச் சமவெளியில், கடற்பஞ்சு முதலிய ஒட்டி வாழும் உயிர்களுக்குக் கிடைக்கும் கெட்டியான பிடிமானம் பெரும்பாலும் முடிச்சு மட்டுமே. முடிச்சை எடுத்தால் வீட்டையே எடுத்ததாக ஆகிவிடும்.

அங்கே கணக்கெடுப்பது எவ்வளவு மெதுவான வேலை என்பதை வெளியில் யாரும் சொல்வதில்லை. முதலில் கப்பலின் அடியிலிருந்து விசிறிபோல ஒலியலைகளை அனுப்பித் தரையின் மேடுபள்ளங்களை வரைபடமாக்குகிறார்கள். அதில் உயிர் தெரியாது. அடுத்து, கேமராவை இழுத்துச் சென்று கடல் அட்டை, நொறுங்கு நட்சத்திரம் (எளிதில் உடையும் மெல்லிய கைகளுள்ள, நட்சத்திர மீனின் உறவினம்) போன்ற பெரியவற்றைப் பார்க்கிறார்கள். சேற்றுக்குள் இருக்கும் புழுக்களையும் சிறு ஓட்டுயிர்களையும் அறிய, அரை மீட்டர் நீள அகலமுள்ள எஃகுப் பெட்டியைக் கம்பிவடத்தில் தொங்கவிட்டு, தரையை அப்படியே வெட்டியெடுத்து மேலே கொண்டுவர வேண்டும். ஒருமுறை இறக்கி ஏற்றவே பல மணி நேரம் ஆகும். கிடைப்பதோ கால் சதுர மீட்டர் சேறு. அதை மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத கண்ணுள்ள சல்லடையில் அலசி, மிஞ்சுவதை நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். மேலிருந்து விழும் உணவு மிகக் குறைவு என்பதால் அங்கே தலைகளின் எண்ணிக்கை குறைவு, இனங்களின் எண்ணிக்கையோ அதிகம். பல இனங்கள் மொத்த ஆய்விலும் ஒரே ஒரு முறைதான் தட்டுப்படுகின்றன. அப்படிப்பட்ட இடத்தில் நாலைந்து பெட்டிச் சேற்றை வைத்துக்கொண்டு ‘பாதிப்பு இராது’ என்று எழுதுவது அறிவியல் ஆகாது.

இதே போன்ற முடிச்சுகள் நிறைந்த, பசிபிக்கின் கிளேரியன் கிளிப்பர்டன் மண்டலத்தில் பதிவான சுமார் 5,600 உயிரினங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றுக்கு இன்னும் அறிவியல் பெயரே இல்லை என்று 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. பெரு நாட்டுக்கு எதிரே, ஆழ்கடல் தரையை 1989இல் ஆய்வுக்காகவே கலப்பையால் உழுதுவிட்டு, 26 ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தபோது உழுத தடம் அழியாமல் இருந்தது. இந்தியாவும் 1997இல் தன் பகுதியில் இத்தகைய கலக்கச் சோதனையைச் செய்திருக்கிறது என்பதால், இவையெல்லாம் நம் விஞ்ஞானிகளுக்குத் தெரியாத சங்கதிகள் அல்ல.

இதை ராமநாதபுரத்துக்காரன் ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், முதலில் ஆட்களை இறக்கிப் பார்களை, அதாவது முத்துச்சிப்பிகள் வாழும் கடலடித் திட்டுகளைச் சோதித்து, சிப்பியின் எண்ணிக்கையும் வயதும் தேறினால் மட்டுமே குளிப்பை அறிவித்தார்கள். தேறாத ஆண்டுகளே அதிகம். அந்த ஆண்டுகளில் கீழக்கரையிலிருந்து எத்தனை பேர் காத்திருந்தாலும் குளிப்பு கிடையாது. முத்துக்கு ஆசைப்பட்ட அரசுகளே கடைப்பிடித்த ஒழுங்கு இது. உயிர்களின் மீதுள்ள கருணையால் அல்ல, வருமானம் கெடக்கூடாது என்பதற்காகத்தான் என்றாலும், ஒழுங்கு ஒழுங்குதான். இதற்கு மாறாக, கடல்தரையை வாரி இழுத்துச் செல்லும் வலையான இழுவை மடி வந்தபோது அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் முன்கூட்டி எண்ணிவைக்கவில்லை. இறங்குதளத்தில் சங்காயம் என்று ஒதுக்கப்பட்டு, கோழித் தீவனத்துக்குப் போகும் குவியலில் எவையெல்லாம் குறைந்துபோயின என்பதை ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய அளவு நம்மிடம் போதுமானதாக இல்லை.

நம் கரைக்குத் தெற்கே, 21 தீவுகளைத் தாண்டிப் போகப்போகத் தரை சரிந்து 1,000 மீட்டருக்குக் கீழே இறங்குகிறது. எண்ணெய், எரிவாயு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் அந்தச் சரிவு ஒரு வெற்று நீலக் கட்டமாகவே வரைபடத்தில் காட்டப்படுகிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் 1971 வரை இருந்த ஊர் மண்டபம். இன்றும் அதன் மையம் அங்கே இயங்குகிறது. அந்தச் சரிவின் சேற்றைப் பிரித்துப் பெயரிட வகைப்பாட்டியல் தெரிந்த இளைஞர்களை அங்கே நிரந்தரப் பணியில் அமர்த்த வேண்டும். வாடைக் காலத்திலும் (வடகிழக்குக் காற்றுக் காலம்) கச்சான் காலத்திலும் (தென்மேற்குக் காற்றுக் காலம்) மேலிருந்து விழும் உணவின் அளவு மாறுவதால், இரண்டு காலங்களிலும், பல ஆண்டுகள் தொடர்ந்து மாதிரி எடுக்க வேண்டும். முடிவுகளைச் சுருக்க அறிக்கையாக மட்டுமல்லாமல், எந்த இடத்தில் எது எத்தனை கிடைத்தது என்ற முழுப் பட்டியலாகவும், எந்த அனுமதிக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கும் முன்பாகவே, தமிழில் வெளியிட வேண்டும்.