15 நிமிடத்தில் போய்விடலாமாம்

இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் வான்வழியில் இவ்வளவு தூரம், இவ்வளவு நேரம், சாலையில் இவ்வளவு என்று உடனே சொல்லிவிடும் இணையப் பக்கங்கள் இருக்கின்றனவே, அதில் போட்டிருந்த விமான நேரத்தைப் பார்த்து டிக்கெட் எடுத்தவன் நான். அந்தக் கடுப்பில் எழுதுகிறேன்.

200 கிலோமீட்டர், 15 நிமிடம் என்று இருந்தது. இந்த 15 எப்படி வருகிறது தெரியுமா? பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள உருண்டையாக வைத்துக்கொண்டு, அதன் மேல் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் வரும் நீளம்தான் தூரம். அதை மணிக்கு 800 சொச்சம் கிலோமீட்டர் வேகத்தால் வகுத்தால் நேரம். அந்தக் கணக்கில் ஓடுபாதை கிடையாது, ஏறுவது இறங்குவது கிடையாது. நிஜத்தில் 200 கிலோமீட்டருக்கு விமானம் உயரத்தைத் தொடுவதற்குள் இறங்க ஆரம்பித்துவிடும். பல நாடுகளில் 10,000 அடிக்குக் கீழே 250 நாட் (knot, விமான வேகத்தின் அலகு) வேகத்துக்கு மேல் போகவும் கூடாது, அதாவது மணிக்குச் சுமார் 460 கிலோமீட்டர். அதனால்தான் என் டிக்கெட்டில் 55 நிமிடம் என்று இருந்தது. அதுகூட நின்ற இடத்திலிருந்து விமானம் நகர்ந்து, அங்கே போய் நிற்கும் வரைக்கும்தான்.

வீட்டிலிருந்து விமான நிலையம் ஒரு மணி நேரம், அங்கே ஒன்றரை மணி நேரக் காத்திருப்பு. சரி, இறங்கியாகிவிட்டது என்று எல்லோரும் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடைபாதையில் கழுத்தை வளைத்து நிற்கிறோம், நமக்கு ஒதுக்கிய இடத்தில் வேறு விமானம் நிற்கிறதாம், 20 நிமிடம் அப்படியே. அப்புறம் பெட்டி, அப்புறம் ஊருக்குள் போக டாக்ஸி. மொத்தம் 4 மணி 50 நிமிடம். நான் கிளம்பிய அதே நேரத்துக்குக் காரில் கிளம்பிய நண்பன் போய்ச் சேர்ந்து, முகம் கழுவிவிட்டு, "எங்கடா இருக்க?" என்று மெசேஜ் போட்டிருந்தான்.

சாலைக் கணக்கும் லேசுப்பட்டதல்ல. நேர்கோட்டுத் தூரத்தோடு கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ சேர்த்தால் பெரும்பாலும் சரியாக வரும். ஆனால் நடுவில் தண்ணீர் வந்தால் போச்சு. அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸுக்கும் உருகுவேயின் மான்டிவிடியோவுக்கும் நேராக 200 கிலோமீட்டர்தான், சாலையில் சுற்றினால் கிட்டத்தட்ட 600. ஆப்பிரிக்காவில் பிரசாவில்லும் கின்ஷாசாவும் காங்கோ ஆற்றின் எதிரெதிர்க் கரையில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும் தலைநகரங்கள், நடுவில் பாலமே கிடையாது, படகுதான்.

நீண்ட தூரத்துக்கு விமானம்தான், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் அங்கேயும் ஒரே தூரம் ஒரே நேரம் என்று நினைக்காதீர்கள். நியூயார்க்கிலிருந்து லண்டன் போவதைவிடத் திரும்பி வருவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடுதல், மேலே மேற்கிலிருந்து அடிக்கும் காற்று அப்படி.

300 கிலோமீட்டருக்குள் என்றால் நான் இனி விமானப் பக்கமே போவதாக இல்லை. அடுத்த வாரம் மறுபடியும் அதே ஊர். காரில் இடம் இருக்கிறதா என்று அந்த நண்பனிடம் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.