ஆச்சி கையில இருந்தா கிறுக்கல், உங்க கையில இருந்தா ஆர்ட்டா?

நாகர்கோவில் வடசேரி சந்தையில கீரை விக்கிற ஆச்சி கையில குத்தியிருக்கிற பச்சையை க்ளோசப்ல காட்டி, "இது கிறுக்கல், கலைன்னா எங்க டாட்டூ கடைக்கு வாங்க"ன்னு ஒரு ரீல்ஸ். எந்தக் கடைன்னு நான் சொல்லலை. ரெண்டு நாளா சிரிப்பு எமோஜியோட ஷேர் பண்றவங்களுக்குத் தெரியும்.

கிறுக்கலா? அந்த மை எப்படி வந்துதுன்னு தெரியுமா மக்களே? அகத்தி இலையையும் மஞ்சப்பொடியையும் வெள்ளைத் துணியில வச்சுத் திரியா உருட்டி, புது விளக்குல ஆமணக்கெண்ணெய் ஊத்திக் கொளுத்தி, மேல புது மண்சட்டியைக் கவுத்துவாங்க. சட்டியில படியுற கரியைச் சுரண்டி தாய்ப்பால்ல குழைச்சா மை. தென்னிந்தியச் சாதிகளைப் பத்தி எழுதின வெள்ளைக்காரர் எட்கர் தர்ஸ்டன் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே எழுதி வச்சுட்டுப் போனது. கருவி? சேத்துக் கட்டின தையல் ஊசிங்க, அவ்வளவுதான்.

கரி கறுப்பு. பச்சையாத் தெரியறது தோல் செய்யுற வேலை. நீல வெளிச்சத்தை அது சிதறடிச்சுத் திருப்பி அனுப்புது. உங்க மெஷினும் ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் ஆழத்துலதான் மையை விடுது. மேலாக நின்னா தோலோட உதிர்ந்துரும். ஆழம் கூடினா கோடு ஊதிப் பரவிரும். உங்களுக்கு ஊசி எவ்வளவு வெளிய நீட்டணும்னு திருகி வச்சுக்கலாம். ஆச்சிக்குப் பச்சை குத்தினவளுக்கு விரல் மட்டும்தான். இத்தனை வருஷம் கழிச்சும் ஆச்சி கைத் தேள் கொடுக்கோட நிக்குது. நம்ம கடைச் சிங்கம் சிலது அஞ்சு வருஷத்துல பூனையாயிருது, அதுவும் கலைதான் போல.

"சுத்தம் கிடையாதே"ம்பீங்க. சரி, ஒரே ஊசி பல பேருக்குப் போச்சு, அது ஆபத்துதான். கல்லீரலைக் கெடுக்கிற ஹெப்படைட்டிஸ் பி கிருமி வெளியில ஏழு நாள்கூடக் கிடக்கும். ஆனா கோயில் கொடைக்கு டாட்டூ ஸ்டால் போட்டு, மிச்ச மையைத் திரும்ப பாட்டில்ல ஊத்துற ஆளை எந்த ரீல்ஸ்ல கிழிச்சீங்க? ஊசியும் மைக்கிண்ணமும் ஆளுக்கு ஒண்ணு, திரும்பப் பயன்படுத்துற மெஷின் பிடியை ஆட்டோகிளேவ்ல, அதாவது அழுத்த நீராவியில கிருமியைக் கொல்லுற பெட்டியில, 121 டிகிரியில வைக்கணும். இதைச் செய்யாதவன் ஆச்சியைப் பாத்துச் சிரிக்கக் கூடாது.

"இதுல சாதியை இழுக்காதீங்க"ன்னு அடுத்தது வரும். நான் இழுக்கலை ஓய், அது அங்கதான் கிடக்கு. குறவர் பெண்கள் ஊர் ஊரா நடந்து, அரிசிக்கும் பழஞ்சேலைக்கும் குத்தின வேலை இது. 1891ல சாமுவேல் ஓ'ரெய்லி நியூயார்க்ல மின்சார மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார், அது வரலாறு. திண்ணையில கூட உக்கார விடாம முற்றத்துல வச்சு வேலை வாங்கினோமே, அவ பேரு எந்த வரலாற்றுல இருக்கு? ஏசி ரூம்ல குத்தினா ஆர்ட்டிஸ்ட், அவளுக்கு மட்டும் "ஏய்".

அதே ரீல்ஸ்ல, "குத்திட்டு நேரா திற்பரப்பு போய் அருவியில ஆடலாம்"னு கடைக்காரர் சிரிக்கிறாரு. கொள்ளாம்! பச்சைப் புண்ணு அது. ரெண்டு மூணு வாரம் அருவி, குளம், குளச்சல் கடல் எதுவும் கூடாது. லேசான சோப்புல கழுவி, ஒத்தி எடுத்து, மெல்லிசா களிம்பு. பொருக்கைப் பிச்சா மையும் சேந்து வந்துரும்.

அந்த வீடியோவை எடுங்க. ஆச்சி கையை நீட்டினது நீங்க "அழகா இருக்கு, காட்டுங்க"ன்னு சொன்னதை நம்பி. அந்தக் குரல் வீடியோவுலயே கேக்குது.