எட்வின் வான் டெர் சார் உயிரோடு இருக்கிறார்

2023 ஜூலை 7, வெள்ளிக்கிழமை ராத்திரி நம்ம ஃபுட்பால் குரூப்பில் வந்த போஸ்டரை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதை மறுபடி இங்கே போட எனக்கு மனசு வரவில்லை. கறுப்பு வெள்ளையில் ஹாலந்தின் பழைய கோல்கீப்பர் வான் டெர் சார் படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே ‘கண்ணீர் அஞ்சலி’, கீழே அனுப்பியவர்கள் பெயர் வரிசையாக. அந்தப் பெயர்கள் மட்டும் கலரில்.

எட்வின் வான் டெர் சார் உயிரோடு இருக்கிறார். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குரூப்பில் இன்னும் ஒருத்தரும் இதைச் சொல்லவில்லை.

குரோஷியாவுக்கு விடுமுறைக்குப் போன இடத்தில் மூளையைச் சுற்றி ரத்தக்கசிவு. 52 வயசு. ஐசியூவில் இருக்கிறார், நிலைமை சீராக இருக்கிறது என்று அவர் முன்னாடி ஆடிய ஹாலந்து கிளப் அயாக்ஸ் வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டது. சின்ன அறிக்கைதான், படிக்க அரை நிமிஷம் ஆகாது. இப்போது அவர் மனைவி ஆன்மரீயும் சொல்லியிருக்கிறார்: இன்னும் ஐசியூவில்தான் இருக்கிறார், உயிருக்கு ஆபத்து இல்லை, போய்ப் பார்க்கும்போதெல்லாம் பேச்சுக்குப் பதில் கொடுக்கிறார், இனிமேல் எப்படிப் போகிறது என்று பொறுமையாகத்தான் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் செய்தி. இதில் எந்த வரியிலிருந்து குத்துவிளக்கு வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் போஸ்டரை எடுத்துவிட்டார்கள். சத்தமே இல்லாமல். ஏன் போட்டோம், ஏன் எடுத்தோம் என்று ஒரு வரி இல்லை. தனியாக மெசேஜ் போட்டுக் கேட்டேன். “ஃபீலிங்ல போட்டதுண்ணே, விடுங்க” என்று பதில் வந்தது.

விட முடியவில்லை தம்பி.

ஃபீலிங் இருக்கிறவன் “எப்படி இருக்காரு?” என்றுதான் முதலில் கேட்பான். நீ கேட்கவில்லை. கடலூர் பசங்க குரூப்பில் வருவதற்கு முன்னாடி நம்ம குரூப்பில் வந்துவிட வேண்டும் என்கிற அவசரம் உனக்கு. அந்த அவசரத்துக்குப் பாசம் என்று பேர் வைக்காதே. 2022 டிசம்பரில் பெலேவுக்கும் இதைத்தான் செய்தீர்கள். மூன்றாம் தேதி பிரேசில் பத்திரிகையில் ஒரு செய்தி வந்ததும் ‘ஆழ்ந்த இரங்கல்’ போட்டாயிற்று. அந்த மனுஷன் சாவ் பாலோ ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, நான் தெம்பாக இருக்கிறேன், நம்பிக்கையோடு இருக்கிறேன் என்று அன்றைக்கே பதிவு போட்டார். அவர் இறந்தது 29-ம் தேதி. நடுவில் இருந்த அத்தனை நாளும் அவர் வாழ்ந்த நாள். அதை அவரிடமிருந்து பிடுங்க நமக்கு யார் உரிமை கொடுத்தது?

சரி, இவர் யார் என்று போஸ்டருக்குக் கீழே வரிசையாகக் கைகூப்பிய எத்தனை பேருக்குத் தெரியும்? “மான்செஸ்டர் லெஜண்ட்” என்று எழுதியிருந்தார்கள். அவ்வளவுதான் தெரிந்திருக்கிறது. 1995-ல் அயாக்ஸ் சாம்பியன்ஸ் லீக் ஜெயித்தபோது கோலி இவர். ஹாலந்துக்கு 130 மேட்ச். 2008-09 சீசனில் பிரீமியர் லீக்கில் தொடர்ந்து 1,311 நிமிஷம் ஒரு கோல் கூட விடாமல் நின்றவர். ரிட்டையர் ஆகி அஞ்சு வருஷம் கழித்து, 45 வயசில், கோலி இல்லாமல் தவித்த நோர்ட்வைக் என்ற சின்ன கிளப்புக்காக ஒரே ஒரு மேட்ச் இறங்கினார். அதிலும் ஒரு பெனால்டியைத் தடுத்தார்.

எனக்கு இவரைக் காட்டியது என் சித்தப்பா. ரோடியர் மில்லில் ஷிஃப்ட் முடித்துக்கொண்டு நேராக புதுச்சேரி உப்பளம் மைதானத்துக்கு வந்து கோல் போஸ்ட் கீழே நின்றவர் அவர். 1998 உலகக் கோப்பையை எங்கள் தெரு சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்) வீட்டு டிவியில் பார்த்தபோது அந்த வீடே பிரான்ஸ் பிரான்ஸ் என்று கத்தும், சித்தப்பா மட்டும் ஹாலந்து கோலியைப் பற்றியே பேசிக்கொண்டு இருப்பார். 2008-ல் மாஸ்கோவில் நடந்த மான்செஸ்டர் யுனைடெட் - செல்ஸி சாம்பியன்ஸ் லீக் ஃபைனலை சித்தப்பா வீட்டில்தான் பார்த்தேன். வான் டெர் சார் அப்போது யுனைடெட் கோலி. அங்கே மழை. இங்கே விடியக்காலை மூணு மணி வாக்கில் பெனால்டி ஷூட்அவுட். செல்ஸி ஆட்கள் ஒருத்தர் பின் ஒருத்தராக இவருடைய இடது பக்கமே அடித்துக்கொண்டிருந்தார்கள். அனெல்கா பந்தை வைத்துவிட்டுப் பின்னால் போனார். இவர் கோட்டில் நின்றபடி இடது கையை நீட்டி அந்தப் பக்கத்தைக் காட்டினார். அங்கேதானே அடிக்கப் போகிறாய் என்று கேட்கிற மாதிரி. அனெல்கா மாற்றி அடித்தார். இவர் வலது பக்கம் பாய்ந்து தட்டிவிட்டார். சித்தப்பா எழுந்து நின்றுவிட்டார். “கையைக் காட்டினான் பாரு, அங்கேயே முடிஞ்சிருச்சு” என்றார்.

அடுத்த வருஷம் டிசம்பரில் ஆன்மரீக்கு மூளையில் ரத்தக்கசிவு. ஆமாம், மனைவிக்கு. வான் டெர் சார் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய் மனைவி பக்கத்திலேயே இருந்தார். அந்த அம்மா மீண்டு வந்தார். மூளை பாதித்தவர்களுக்காகவே பிறகு இவர் பெயரில் ஒரு அறக்கட்டளையும் தொடங்கினார்கள். அப்படி மீண்டு வந்த பெண்தான் இன்று ஐசியூ வாசலில் நின்றுகொண்டு பொறுமையாக இருங்கள் என்கிறார். அவர் சொல்கிறார், நமக்குப் பொறுமை இல்லை.

அயாக்ஸில் ஆடிய அப்துல்ஹக் நூரியை நினைவிருக்கிறதா? 2017 ஜூலை 8, ஆஸ்திரியாவில் ஒரு நட்பு ஆட்டம். 20 வயசுப் பையன் மைதானத்திலேயே சரிந்து விழுந்தான். மூளை மோசமாகப் பாதிக்கப்பட்டது. மைதானத்தில் கொடுத்த சிகிச்சை சரியாக இல்லை, பொறுப்பு எங்களுடையது என்று மறு வருஷம் அயாக்ஸ் வெளிப்படையாகச் சொன்னபோது அந்தக் கிளப்பின் தலைமையில் இருந்தவர் வான் டெர் சார். நூரி கோமாவிலிருந்து மீண்டான். வீட்டில் குடும்பம் பார்த்துக்கொள்கிறது, கூட ஆடிய பசங்க போய்ப் பார்க்கிறார்கள். அவனை யாரும் கணக்கிலிருந்து எடுத்துவிடவில்லை. நம்ம ஆட்களாக இருந்தால் 2017-லேயே அவனுக்கும் குத்துவிளக்கு ஏற்றியிருப்போம்.

டென்மார்க் வீரர் எரிக்சன் ஆட்டத்தின் நடுவில் சரிந்து விழுந்ததை எல்லாரும் லைவாகப் பார்த்தோம். 2021 ஜூன், கோபன்ஹேகன். டென்மார்க் வீரர்கள் என்ன செய்தார்கள்? அவரைச் சுற்றி வட்டமாக நின்று கேமராவுக்கு முதுகைக் காட்டினார்கள். சிலர் அழுதுகொண்டே நின்றார்கள். யாரும் பார்க்கக் கூடாது என்று மறைத்தார்கள். அந்த எரிக்சன் 2022-ல் மான்செஸ்டர் யுனைடெட் சட்டையில் ஆட வந்துவிட்டார். அன்றைக்கு இங்கே அவருக்கும் இரங்கல் எழுதிய ஆட்கள் அப்புறம் அவர் பாஸுக்குக் கைதட்டினார்கள்.

இனி நீங்கள் சொல்லப் போவதற்கு வருகிறேன்.

“பக்கத்து வீட்டுக்காரன் செத்தா எட்டிப் பார்க்காதவன் டச்சுக்காரனுக்காக அழறான்” என்று ஒருத்தர் எழுதியிருந்தார். என் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள், நான் எதற்குப் போனேன் போகவில்லை என்று அவருக்கு எதுவும் தெரியாது. விடுங்கள். சிரிப்பு எமோஜி போட்டு “அனெல்கா ஹேப்பி” என்று எழுதிய இரண்டு பேருக்கும் பதில் கிடையாது.

இன்னொருத்தர் கேட்டது நியாயமான கேள்வி மாதிரி தெரிந்தது. “அவரு தமிழ் படிக்கப் போறாரா? அவர் குடும்பம் நம்ம குரூப்பைப் பார்க்கப் போகுதா? யாருக்கு என்ன நஷ்டம்?”

அவர் பார்க்க மாட்டார். என் சித்தப்பா பார்த்தார்.

சித்தப்பாவுக்கு வந்ததும் இதே ரத்தக்கசிவுதான். சில வருஷம் முன்னாடி, ஞாயிற்றுக்கிழமை காலை ஷேவிங் பண்ணிக்கொண்டு இருந்தவர் தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். “பின்னந்தலையில யாரோ ஓங்கி அடிச்ச மாதிரி இருக்கு” என்றார். அப்புறம் வாந்தி. அப்புறம் பேச்சு குழறியது. ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கொண்டு ஓடினோம். ஸ்கேன் எடுத்து உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். சித்தி ஐசியூ வாசலில் ஒரு பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குள் அவர் செருப்பு, வாட்ச், இடுப்பிலிருந்து கழற்றிக் கொடுத்த அரைஞாண் கயிறு. பாதி முகத்தில் காய்ந்த சோப்பு நுரையோடு அவரை உள்ளே கொண்டுபோனதைப் பற்றியே பேசிக்கொண்டு இருந்தார். அதைத் துடைத்துவிட்டிருக்கலாமே, துடைத்துவிட்டிருக்கலாமே என்று.

சாயங்காலம் சித்திக்கு ஒரு போன் வந்தது. சித்தப்பா கூட ஆடியவர் யாரோ அவர் படத்தை ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறார், அதைப் பார்த்துவிட்டு அரியாங்குப்பத்து உறவுக்காரர் ஒருத்தர் கூப்பிட்டிருக்கிறார். எடுத்தவுடனே கேட்டது, “எப்போ எடுக்கறீங்க?”

சித்திக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. போனைக் காதில் வைத்தபடியே திரும்பி ஐசியூ கதவைப் பார்த்தார். உள்ளே நடந்ததை நம்மிடம் சொல்லாமல் ஊருக்குச் சொல்லிவிட்டார்கள் என்றே நினைத்துவிட்டார். எழுந்துபோய்க் கதவைத் தட்டினார். நர்ஸ் வெளியே வந்து “இருக்கார்மா, நல்லாத்தான் இருக்கார்” என்று சொல்லும் வரை அவர் முகத்தில் இருந்ததை எழுத எனக்குத் தெம்பு இல்லை.

யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கிறீர்கள்.

ஸ்டேட்டஸ் வைத்தவரும் ஃபீலிங்கில்தான் வைத்தாராம்.

சித்தப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். வலது கை சரியாக வரவில்லை, பேச்சு கொஞ்சம் குழறும். ஆனால் புத்தி பழையபடியே இருக்கிறது. பிரீமியர் லீக் பார்ப்பார், கோலி தப்பு பண்ணினால் திட்டுவார். மறு வருஷம் பொங்கல் டோர்னமெண்ட் நோட்டீஸில் ‘கௌரவிக்கப்படும் மூத்த வீரர்கள்’ என்று ஒரு பட்டியல் இருந்தது. அவரோடு ஆடிய எல்லார் பெயரும் இருந்தது. அவர் பெயர் இல்லை. நோட்டீஸைக் கையில் வாங்கி மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து டிவி மேலே வைத்தார். கேட்டால், “அவரால வர முடியாதுன்னு நினைச்சோம்” என்கிறார்கள். அவரிடம் கேட்டீர்களா? வீடு உப்பளத்திலிருந்து கூப்பிடு தூரம். ஒருத்தர் வந்து கேட்டிருக்கலாம்.

இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒருத்தருக்கு மூளையில் ஏதோ வந்துவிட்டது என்று கேள்விப்பட்டவுடனே மனசுக்குள் அவரைத் தூக்கி அடக்கம் பண்ணிவிடுகிறோம். போஸ்டர் அடிப்பதும் அதே மனசு, நோட்டீஸில் பெயரை விடுவதும் அதே மனசு. திரும்பி வந்து எதிரில் நின்றால் எப்படிப் பேசுவது என்று நமக்குத் தெரியவில்லை. கொஞ்சம் சத்தமாகப் பேசுகிறோம், குழந்தையிடம் பேசுகிற மாதிரி. பக்கத்தில் இருக்கிறவரிடம் “சாப்பிடறாரா?” என்று கேட்கிறோம். அவரிடமே கேளுங்களேன். அவர் சொல்வார். கொஞ்சம் நேரம் ஆகும், ஆனால் சொல்வார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி குரூப்பில் அந்தப் போஸ்டர் வந்தபோது சித்தப்பா முழித்துத்தான் இருந்தார். சனிக்கிழமை காலை நான் போனபோது இடது கையால் போனை என் பக்கம் நீட்டி, “போயிட்டானாடா?” என்று கேட்டார். இல்லை சித்தப்பா, இருக்கார், ஐசியூவில் இருக்கார் என்று அயாக்ஸ் அறிக்கையைப் படித்துக் காட்டினேன். “எனக்கு வந்ததேதானே?” என்றார். ஆமாம் என்றேன். ராத்திரியெல்லாம் தூங்கவில்லை என்று சித்தி சொன்னார். தனக்கு வந்த அதே நோயில், தன்னைவிட வயசில் சின்னவர், இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவான அந்த மனுஷன் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டு ஒருத்தர் ராத்திரி முழுக்கக் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். நஷ்டம் இதுதான். போதுமா?

“உங்க சித்தப்பா குரூப்பில் இருக்காருன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்” என்று அடுத்த கமெண்ட் வரும். இருக்கிறவர்கள் பெயரைப் பார்த்தால் தெரியும். இவர் மட்டும் இல்லை. முந்நூறு பேருக்கு மேல் இருக்கிற குரூப்பில் எத்தனை பேர் வீட்டில் யார் எந்த ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால்தான் வாயைக் கொஞ்சம் அடக்க வேண்டும்.

ஏதாவது ஷேர் பண்ணியே ஆக வேண்டுமென்றால் இதைப் பண்ணுங்கள். வாழ்க்கையில் வந்ததே இல்லை என்கிற மாதிரி ஒரு தலைவலி திடீரென்று இடி மாதிரி வந்தால், கூடவே வாந்தி, கழுத்து இறுக்கம், ஒரு பக்கம் கை கால் இழுப்பது, பேச்சு குழறுவது, நினைவு தப்புவது, இதில் எது இருந்தாலும் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். பித்தம், வெயில் என்று சொல்லித் தூங்கவைக்காதீர்கள். உடனே 108-க்குப் போன் பண்ணுங்கள். சிடி ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள். சிகரெட்டை விடுங்கள். சித்தப்பா பிழைத்ததற்குக் காரணம் சித்தி ஒரு நிமிஷம் கூடத் தாமதிக்கவில்லை என்று டாக்டரே சொன்னார்.

அட்மின் தம்பிக்கு ஒன்று. போஸ்டரை எடுத்தது போதாது. அதைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் இன்னும் அவர் இறந்துவிட்டார் என்றே நினைத்துக்கொண்டு இருக்கிறார்கள். நேற்று உப்பளத்தில் ஒரு பையன் என்னிடமே “பாவம்ண்ணே, நல்ல கோலி” என்றான். எந்த குரூப்பில் போஸ்டர் போட்டாயோ அதே குரூப்பில், அதே அளவு எழுத்தில், வான் டெர் சார் உயிரோடு இருக்கிறார் என்று போடு. கலர் படமாகப் போடு. கீழே உங்கள் பெயரையும் போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. இன்றைக்கு ராத்திரி சித்தப்பா தூங்கப் போவதற்கு முன்னாடி போடு. அவர் பத்து மணிக்கெல்லாம் படுத்துவிடுவார்.