ராஜாஜி அமெரிக்காவுக்கான இந்தியத் தூதராக இருந்தாரா?

"ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, அமெரிக்காவில் இந்தியத் தூதராக இருந்து ஓய்வு பெற்றவர்" என்ற செய்தி கிருஷ்ணகிரி மாவட்ட வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. பிறந்த ஊர் மட்டுமே சரி. அவர் தூதர் பதவி வகித்ததே இல்லை.

குழப்பத்துக்குக் காரணம் 1962 செப்டம்பரில் நடந்த வாஷிங்டன் பயணமாக இருக்கலாம். அணு ஆயுதச் சோதனைகளை நிறுத்துமாறு அதிபர் கென்னடியிடம் நேரில் வலியுறுத்த, காந்தி அமைதி அறக்கட்டளைக் குழுவில் அவர் சென்றார். அப்போது வயது 83! அரசுப் பதவி ஏதுமில்லை. நேரு அரசை எதிர்த்த சுதந்திராக் கட்சியைத் தொடங்கியவர் அவர். அதனால்தான் அந்தப் பயணம் இன்னும் பெரிதாகத் தெரிகிறது. வாஷிங்டனில் அன்று இந்தியத் தூதராக இருந்தவர் பி.கே. நேரு.

ராஜாஜி வகித்த பெரும் பொறுப்புகளில் கவர்னர் ஜெனரல் பதவியும் (1948–50) சென்னை மாகாண முதல்வர் பதவியும் அடங்கும்.