நாலே முக்காலுக்குச் சொல்லும் ஓடி (ஓவர்டைம்)

அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு பிரஸ் ஷாப்பில் புரொடக்‌ஷன் பார்க்கிறேன். பதினெட்டு வருஷம் ஆகிறது. "கம்பெனிக்கு டார்கெட் முக்கியம், ஆளுங்களுக்குச் சம்பளம் முக்கியம், ரெண்டும் ஒத்துப்போகாது" என்று மீட்டிங்கில் யாராவது சொன்னால் எனக்கு மனசு ஒப்பாது. சம்பளம் முக்கியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் லைனில் இருப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி வேறு: "இன்னைக்கு எத்தனை மணிக்கு சார் விடுவீங்க?"

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள். மணி நாலே முக்கால். டிஸ்பாட்ச் பாக்கி இருந்தது. இன்ஸ்பெக்‌ஷன் டேபிளுக்குப் போய், "எட்டு மணி வரைக்கும் இருந்து முடிச்சுக் கொடுத்துட்டுப் போங்கம்மா" என்றேன். அளவு பார்க்கும் கேஜும் கையுமாக நின்ற ஒரு பெண் அதைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு போன் மட்டும் பண்ணிக்கிறேன் சார்" என்றார். போன்கள் எல்லாம் லாக்கரில் இருக்கும். நானே கூடப் போனேன். "அண்ணி, பாப்பாவை இன்னைக்கும் நீங்களே கூட்டிட்டு வந்துடுங்க... இல்ல அண்ணி, இப்பதான் சொன்னாங்க."

"ஓடிக்கு ரெட்டைச் சம்பளம் வருதேம்மா" என்றேன், ஏதோ ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

"காசு வருது சார். வீட்டுக்குப் போய் அண்ணி மூஞ்சியைப் பார்க்கணும்ல?"

இரட்டைச் சம்பளம் 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே வந்துவிட்டது. அண்ணியின் மூஞ்சிக்கு எந்தச் சட்டத்திலும் வழி இல்லை. அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

கம்பெனி பக்கமும் பொய் இல்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் இருக்கும் கார் பிளான்ட்டுகள் உதிரிபாகத்தை வாங்கி அடுக்கி வைப்பதில்லை. நம் லாரி போய் இறக்கினால் சரக்கு கொஞ்ச நேரத்தில் லைனுக்குப் போய்விடும். நம்மால் அங்கே லைன் நின்றால், அந்த நஷ்டத்தை நம் கணக்கில் கழிக்கும் டெபிட் நோட் வரும். அது நாலு தடவை நடந்தால் ஆர்டர் வேறு ஆளுக்குப் போகும். ஆர்டர் போனால் அந்த இன்ஸ்பெக்‌ஷன் டேபிளே இருக்காது. இதை முதலாளியின் பேராசை என்று ஒரே வார்த்தையில் தள்ளுபவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

ஆனால் ஒன்று செய்தேன். கார் கம்பெனிகளிடமிருந்து வந்த மூணு மாசத்து ஷெட்யூல் மாற்ற மெயில்களை எடுத்து வைத்து, எத்தனை மணிக்கு வந்தது என்று பார்த்தேன். பெரும்பாலும் காலை பத்து மணிக்குள் வந்திருந்தன. பிளானிங்கில் ஒரு மணி நேரம், மேனேஜர் டேபிளில் மதியம் வரைக்கும், அப்புறம் என் கையில். நானும், "முன்னாடியே சொன்னா ஆளுங்க நழுவிடுவாங்க" என்று சாயங்காலம் வரை வைத்திருந்தேன். பத்து மணிக்குத் தெரிந்த விஷயத்தை நாலே முக்காலுக்குச் சொன்னது நாங்கள். கஸ்டமர் இல்லை.

இப்போது பதினோரு மணிக்கு போர்டில் எழுதிவிடுகிறோம்: இத்தனை பேர், இத்தனை மணி வரை. இருக்க முடிகிறவர்கள் சாப்பாட்டு நேரத்துக்குள் பேர் எழுதுவார்கள். முதல் வாரம் ஆள் போதவில்லை. மேனேஜர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. மூணாவது வாரத்தில் தானாகச் சரியாகிவிட்டது. ரூமில் தங்கியிருக்கும் பையன்களுக்கு ஓடி காசு வேண்டும், அவர்களே முந்திக்கொண்டு எழுதுகிறார்கள். பட்டரவாக்கத்தில் லோக்கல் பிடித்து ஆவடி, பட்டாபிராம் போகிறவர்கள் நேரத்துக்குக் கிளம்புகிறார்கள். ஆறு மணிக்கு மேல் வரும் ரிஜெக்‌ஷனும் குறைந்தது. கண் கடிகாரத்தில் இருக்கும் ஆளிடம் வேலையில் என்ன கவனத்தை எதிர்பார்க்க முடியும்?

நேரம் பற்றிய கேள்வி இந்த ஊருக்குப் புதுசும் இல்லை. 1918 ஏப்ரலில் பெரம்பூரில் பி.பி.வாடியா, திரு.வி.க. போன்றவர்கள் சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியபோது, பின்னி மில் தொழிலாளர்கள் சொன்ன குறைகளில் ஒன்று மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது. நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட இன்னும் சில நிமிஷம். 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, வாரத்தில் நாலு நாள் வேலை, மூணு நாள் லீவு என்று விளக்கம் சொன்னார்கள். எங்கள் லைன் பெண்கள் கேட்டது ஒன்றே ஒன்று: "விடியக்காலைல எத்தனை மணிக்கு சார் வீட்டை விட்டுக் கிளம்பணும்?" மே 1 அன்று திரும்பப் பெறுவதாக அரசு அறிவித்துவிட்டது. அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை.

எங்கள் போர்டிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. கான்ட்ராக்ட் ஆட்கள் பேர் எழுதுவதில்லை. அவர்களுக்காக சூப்பர்வைசர் எழுதிவிடுகிறார். "இருக்க முடியுமாப்பா?" என்று நேரில் கேட்டாலும் "சரி சார்" என்ற ஒரே பதில்தான். முடியாது என்றால் நாளைக்கு கேட்டில் நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் அந்த "சரி"யில் கேட்கிறது. அடுத்த மாசம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கும்போது, ஓடி மறுத்ததற்காக ஆளை மாற்றக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி மேனேஜ்மென்ட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. திங்கட்கிழமை மறுபடியும் போய்க் கேட்பேன்.